நாக்கின் மேல் மூன்று பேர்

ஒலொமோட்ஸ் பல்கலைக்கழகத்தின் நிலவறைக் கூடத்தில்
பசை என் பொறுப்பு.
பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் அதே பசைதான்,
ஊதா மூடி போட்ட சின்னக் குப்பி.

திரஹோமீரா நாக்கை நீட்டினார்.
மெல்லிய துணியால் நுனியைப் பிடித்துக்கொண்டு
ஈரம் போக ஊதி உலர்த்தினேன்.
அந்நியர் ஒருவரின் நாக்கு
இவ்வளவு சூடாக இருக்கும் என்று
எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

நுனியில் ஒன்று. நடுவில் ஒன்று.
குமட்டல் தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்னால் ஒன்று.
மிளகளவு சுருள்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்,
தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி,
கடைவாய் வழியே வெளியேறி
கன்னத்து நாடாவுக்குள் போய் ஒளிந்துகொண்டது.
எலியை விழுங்கிய பூனை மாதிரி இருக்கிறேனா?
அப்படித்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.
பாதி எச்சிலாக வந்தது.

'இயல்பாகப் பேசவும்' என்றது திரை.

அவர் ஊர் ப்ர்ஷெரோவ்.
நாக்கு ரகரத்தில் துடிக்கும் அதே மூச்சில்
ஷகரமாகக் காற்று சீற வேண்டும்.
இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடம்கூடக் கிடையாது.
அதற்காகவே எங்கள் பிள்ளைகள்
கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கோணுவார்கள்.
அந்த ரயில் நிலையத்தில்
பதினேழு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர்
வாய் திறந்தார்.

ப்ஷ்ஷெலோவ்.

வரைபடத்தில் இல்லாத ஊர்.
எந்த வண்டியும் அங்கே நிற்காது.
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது;
சிரித்ததில் நடுச்சுருள் கழன்று விழுந்தது.
மறுபடி துணி, மறுபடி பசை.

பத்து நிமிடம் சும்மா பேசவிடுவது வழக்கம்,
நாக்கு பழகட்டும் என்று.
கொதிகலன் ரிப்பேர், மாடிவீட்டு நாய்,
மாப்பிள்ளை வாங்கித் திருப்பாத பணம்.
பணத்தைப் பற்றிப் பேசும்போது
கம்பிகளை மறந்தே போனார்.
ஊர் மெல்லத் திரும்பி வந்தது.
முதலில் சீற்றம். அப்புறம் துடிப்பு.
கடைசியில் இரண்டும் சேர்ந்து,
செருப்புக்குள் கல்லோடு நடந்து பழகியவர்
நொண்டாமல் நடப்பது போல.

திரையில் மூன்று கோடுகள் அழகாக ஏறி இறங்கின.
'பாதிப்பு மிகக் குறைவு' என்று
ஒட்டாகர் அறிக்கையில் எழுதிக்கொண்டார்.
நாங்கள் அளந்தது நாக்கையா,
விருந்தாளிகளுக்கு ஒதுங்கி இடம் விடும்
அதன் மரியாதையையா?
கேட்கவில்லை. பசைக்காரன் கேட்கிற கேள்வி அல்ல அது.

பிடுங்கியபோது ஊசிமுனை ரத்தம்.
வாய் கொப்பளித்துவிட்டு
ஊர்ப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.
நாக்கு தேவைக்கு மேல் எழும்பி
இல்லாத கல்லைத் தாண்டியது.
அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.
ஒலிவாங்கியை அதற்குள் அணைத்திருந்தேன்.

கோட்டு மாட்டிக்கொண்டே சொன்னார்:
இப்போது நான் அறிவிப்பதில்லை, தெரியுமா?
ஆறு வருடம் முன்னால் ஒரு பையன் வந்தான்.
ஊர்களைத் தனியாக, எண்களைத் தனியாகச் சொல்லவைத்து
எடுத்துக்கொண்டு போனான்.
மீதியை இயந்திரம் தைத்துக்கொள்ளும்.
அன்றைக்கு என் வாயில் ஒன்றுமே இல்லை.
'சிரித்தபடி சொல்லுங்கள்,
அப்போதுதான் இயல்பாக இருக்கும்' என்றான்.
நாள் முழுக்கச் சிரித்தேன். தாடை வலித்தது.

வெள்ளிக்கிழமை அந்த நடைமேடையில் நின்றேன்.
பனிமழை. பெட்டியில் கை வைத்தபடி ஒரு சிப்பாய் தூங்கினான்.
நாற்பது நிமிடம் தாமதம் என்றது அவர் குரல்,
சிரித்துக்கொண்டே.
யாரும் கேட்காமலே என் நாக்கு
பல்லுக்குப் பின்னால் போய்
எதையோ தேடித் துழாவியது.