புள்ளி ஏழு

செவ்வாய்க்கிழமை, டீ ஆறுவதற்குள்
சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்:
"அடுத்து வரப்போறது ஆறைத் தொடும்போல."

வெள்ளிக்கிழமை அந்தச் சொல்
தென்காசி போய் பஸ் மாறி
வண்ணார்பேட்டைக்கே திரும்பி வந்தது,
ஒரு தசமப் புள்ளியையும்
தைவானில் ஒரு மச்சானையும்
கூடச் சேர்த்துக்கொண்டு.
"ஆறு புள்ளி ஏழாம்லா, எஸ்தரக்கா.
உள்ள வேல பாக்குறவனே சொல்லிட்டானாம்"
என்று என்னிடமே சொல்கிறான் சங்கரபாண்டி.
கிகாஹெர்ட்ஸ் என்னும்போது குரல் இறங்குகிறது,
கல்யாணம் நின்றுபோன வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல.

அவன் சிவப்புக் கட்சி.
பைபாஸுக்கு அந்தப் பக்கம் முழுக்க நீலம்.
ஒருவன் கடையில் மற்றவன்
ஒரு திருகாணிகூட வாங்குவதில்லை.
"ஒங்க சில்லுல தோச சுடலாம்ல."
"ஒங்கதுல மாவே புளிக்காதுடே."
நீலத்துக்கு மேலப்பாளையம் பீர் மைதீன்தான் எல்லாம்.
அவன் பெட்டிக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிறு
இரண்டு பெட்டியையும் என் கடையில் வைத்தார்கள்,
நான் எந்தக் கட்சியும் இல்லை என்று நம்பி.
சுவரில் நாற்பத்தொரு டிகிரி.
விசிறிகள் கத்தின, எண்கள் ஏறின.
பன்னிரண்டாம் நிமிஷம்
இரண்டும் ஒன்றுபோல மூச்சு வாங்கி
வேகத்தைக் குறைத்துக்கொண்டன.
"ஏசி மட்டும் இருந்திருந்தா" என்றான் பாண்டி.
"ஏசி மட்டும் இருந்திருந்தா" என்றான் மைதீன்.

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு
பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து வந்தான் மைதீன்.
கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு.
திறந்தால் பஞ்சுக்கு நடுவில் ஒரு சில்லு.
சிவப்பு.
நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே சொன்னான்:
"பழசுதாங்க்கா. சும்மா பாப்பமேன்னு.
எங்க பக்கம் முள்ளு போர்டுலல்லா இருக்கும்,
எனக்குப் பழக்கமில்ல. வளஞ்சிட்டு."

மூன்று முள். நாலாவது லேசாக.
லெட் பென்சிலின் வெறும் மூக்கை மாட்டி
ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன்.
லென்ஸுக்கடியில் அது
பச்சை நாற்று நட்ட வயல்போல இல்லை,
எதுபோலவும் இல்லை.
மூச்சு விடாமல் இருக்கவேண்டிய ஓர் இடம், அவ்வளவுதான்.

காசு வாங்கவில்லை.
"பாண்டிக்குத் தெரிய வேண்டாம்க்கா" என்றான்.
குனிந்தவன் வாசலில் நின்றான்:
"அந்த ஆறு புள்ளி ஏழு... நெசந்தானா?"

சொல்லியிருக்கலாம்.
எனக்கு என்னவோ கூச்சமாக இருந்தது.
"எனக்கென்னடே தெரியும்" என்றேன்.

திங்கட்கிழமை தென்காசியில் பேச்சு:
"எஸ்தரக்காவே வாயத் தொறக்க மாட்டேங்கா.
அப்பம் உறுதிதாம்ல."