பாதி வந்த தலைவர்

முகப்பில் தலைவர் இருக்க வேண்டும் என்றார் செயலாளர்.
சால்வையோடு. முழு உருவம்.
பின்னால் பட்டாசு வெடிக்கிற மாதிரி ஏதாவது.
அப்புறம் துணைத்தலைவர்கள் நான்கு பேர்,
பொருளாளர், கௌரவ ஆலோசகர்கள்.
"நூத்தி நாப்பது ஸ்டாலும்மா,
அதெல்லாம் உள்ள எங்கயாச்சும் போட்டுக்க."

ஐந்து ரோட்டில் மாடியறை. கீழே கொத்துப் பரோட்டாவின் தாளம்.
மூன்று இரவு உட்கார்ந்து செய்தேன்.
என் மேசையில் நொடியில் திறந்தது.
பட்டாசு வெடித்தது, சால்வை மின்னியது.
நான்கூடக் கொஞ்சம் கைதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்ஸில்
பழைய போனில் அதையே திறந்தேன்.
அடிவாரத்தில் ஒரு நெற்றி வந்தது.
மூன்றாவது வளைவில் புருவம்.
ஆறாவதில் சிக்னல் போய்விட்டது.
கண்கள் வரைக்கும் வந்த தலைவர்
மலை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடையை மடியில் வைத்திருந்த பக்கத்து இருக்கைப் பெண்
எட்டிப் பார்த்து, "யாரு, எலக்சனா?" என்றாள்.
இல்லக்கா, கண்காட்சி. சேலத்துல. மெசினெல்லாம் வருது.
"மொளகு உதுக்கறது வருதா?"

வருகிறது. எழுபத்தெட்டாம் ஸ்டால்.
பட்டியலைத் தட்டச்சு செய்தவளே நான்தான்.
இருந்தாலும் அவளே கண்டுபிடிக்கட்டுமே என்று
போனை நீட்டினேன்.
பதினோராவது வளைவில் கொஞ்சம் சிக்னல்.
ஒற்றை விரலால், மெதுவாக, தேடும் கட்டத்தில்
"மொளகு மிசுனு" என்று எழுதினாள்.

எதுவும் கிடைக்கவில்லை என்றது
நான் கட்டிய தளம்.
மரியாதையாகத்தான் சொன்னது. மன்னிக்கவும் சேர்த்து.

"வல்லியாட்டமிருக்குது" என்று திருப்பிக் கொடுத்தாள்.
எழுபத்தெட்டு என்று வாயால் சொன்னேன்.
ஒண்டிக்கடையில் இறங்கும்போது பேர் சொன்னாள், வெள்ளாயி.

அன்றிரவு பட்டாசை அணைத்தேன்.
ஆலோசகர்களை ஒரு கதவுக்குப் பின்னால் உட்காரவைத்தேன்.
முதல் வரியில் தேதி. அடுத்ததில் இடம்,
புது பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்த டவுன் பஸ்,
வண்டி நிறுத்தலாமா, சோறு கிடைக்குமா,
கழிப்பறை எந்தப் பக்கம்.
பிறகு அந்தக் கட்டத்துக்குக் காது வைத்தேன்:
மிளகு, மொளகு, மெளகு,
மெசின், மிசின், மிசுனு,
மரவள்ளி, குச்சிக்கிழங்கு,
கொலுசு, கொலிசு.
எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கட்டும்.

செயலாளர் ஒரு வாரம் பேசவில்லை.

கண்காட்சி நான்கு நாள்.
வெள்ளாயி வந்தாளா, தெரியாது.
கூடை வைத்திருந்த எல்லோர் முகத்தையும் பார்த்தேன்.

முடிந்த மறுநாள், தேடியவற்றின் கணக்கு.
கழிப்பறை முன்னூறைத் தாண்டியிருந்தது.
மொளகு, அறுபத்தொன்று.
தலைவர், ஒரே ஒரு முறை.
இரவு இரண்டேகால் மணிக்கு.

முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.
படத்தை எடுத்துப் பார்த்தேன்.
சால்வைக்கு மேல் தூக்கமில்லாத கண்கள்.
ஒவ்வொரு ஸ்டாலுக்கும் ஆள் பிடிக்க
நாற்பது நாள் ஸ்கூட்டரில் அலைந்த மனிதர்.
படத்தைச் சின்னதாக்கி, எடை குறைத்து,
உள்ளே ஓரிடத்தில் வைத்தேன்,
பதினோராவது வளைவிலும்
தாடை வரைக்கும் திறக்கும்படி.