காணாமல் போகாதவை

பட்டியல் போடச் சொன்னார் போலீஸ்காரர் அரவேனா.
டிவி. எழுதினேன்.
மைக்ரோவேவ்.
மிக்ஸி, மூடி மட்டும் இல்லாமல்
(மூடி சன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது).
ஏழு தவணை பாக்கியிருக்கும் காப்பி எந்திரம்.
அண்ணன் யெர்கோ என் கல்யாணத்துக்கு வாங்கித் தந்து
கல்யாணத்தைவிட அதிக நாள் தாங்கிய
மின்சார டோஸ்டர்.
அதன் வாய்க்குள் எங்கள் ஊர் ரொட்டி
ஒருநாளும் நுழைந்ததில்லை, ஆனாலும் எழுதினேன்.

"வேறு?"
ஜாடியில் போட்டுவைத்த சில்லறை.
ஜாடி இருக்கிறது.

வால்பராய்சோவில் இந்த மேட்டுக்குத்
திருடனும் நூற்றுப் பதினெட்டுப் படி ஏறித்தான் வரவேண்டும்.
ஒரே நடையா, இரண்டு நடையா,
ஒரு ஆளா, கூட்டாளி உண்டா,
எதிர்வீட்டு நாய் ஏன் வாயே திறக்கவில்லை
என்று அவர் கேட்டுக்கொண்டே போக
நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன்.

அடுப்பின் மேல்
ரொட்டி வாட்டும் தகரம்.

சந்தையில் சாக்கு விரித்து
எலிப்பொறி, பூட்டு, கத்தரிக்கோலோடு கிடந்ததை
மூன்று பஸ் டிக்கெட் விலைக்கு வாங்கினேன்.
ஓட்டை ஓட்டையாய் ஒரு சதுரத் தகடு,
மேலே கம்பி வலை,
பிடித்தால் சுடும் கைப்பிடி.
மணி அடிக்காது. ரொட்டியைத் துள்ளவிடாது.
போன வருஷம் ஒரு மூலை வளைந்துவிட்டது,
அதற்கு முட்டுக்கொடுக்க
அடியில் ஒரு நூறு பேசோ நாணயம்,
கரி பிடித்து, யார் தலை என்று தெரியாமல்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து ராத்திரி வேலை முடிந்து
ஆறேகாலுக்கு நான் கதவைத் தள்ளியபோது
அந்தத் தகரம் இன்னும் சூடாக இருந்தது.
இதை அரவேனாவிடம் சொல்லவில்லை.

நாலு துண்டாய்ப் பிய்க்க வரும் ரொட்டியில்
இரண்டைத் தின்றிருக்கிறான்.
வெண்ணெய்ப்பழத்தில் பாதியை
முட்கரண்டியால் மசித்திருக்கிறான், உப்பும் போட்டு.
மறுபாதி தட்டில் கவிழ்ந்திருந்தது,
கறுக்காமலிருக்கக் கொட்டையோடு.
சிலிண்டர் திருகை மூடியிருக்கிறான்.
எனக்கு அது எப்போதும் மறந்துபோகும்.

"கைரேகை இருக்கும். இதை எடுத்துப் போகட்டுமா?"
"நாளைக்கு நான் எதில் தின்பது?"
அரவேனா தகரத்தைக் கையில் எடுத்தார்,
ஓட்டைகள் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்தார்,
எடுத்த இடத்திலேயே வைத்தார்.
"எங்கள் வீட்டில் உள்ளதற்குக் கைப்பிடியே போய்விட்டது.
இடுக்கியால் பிடித்துக்கொள்கிறோம்."
பட்டியலின் கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினார்.
யஸ்னா முனிஸாகா என்று எழுதும்போது
பேனா கொஞ்சம் நடுங்கியது.

புதுப் பூட்டு, புதுத் தாழ்ப்பாள், நாய்க்கு ஒரு திட்டு.
சாயங்காலம் ரொட்டி வைத்தேன்.
செல்போனில் யெர்கோ புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்ததில்
ஒரு பக்கம் கருகிவிட்டது.

அவன் சிந்திய துகளில் கறுப்பே இல்லை.
எல்லாம் பொன்னிறம்.
அந்தத் தகரத்தின் முன்னால் நின்றால்தான் அது வரும்.
தீயைக் குறைக்கவேண்டும்,
மூக்கால் நேரம் பார்க்கவேண்டும்,
விரல் சுடச் சுடத் திருப்பவேண்டும்.
வேறு வழி கிடையாது. எப்படியும் ஆறு நிமிஷம்.

என் டிவியை வாசலில் வைத்துவிட்டு
ஆறு நிமிஷம் இங்கே நின்றிருக்கிறான்.
இந்தத் தரையில், இந்தக் கரைப்படிந்த சுவரைப் பார்த்தபடி.
அதை நினைத்தால் ஒரு நேரம் வயிற்றைக் கலக்குகிறது,
ஒரு நேரம் பசிக்கிறது.

ஜாடியை வழித்துத் துடைத்தவன்
அந்த ஒரு நாணயத்தைத் தொடவில்லை.

மிக்ஸி மூடியை இன்னும் எறியவில்லை.
வெண்ணெய்ப்பழத்தின் மிச்சப் பாதியை
இப்போது அதனால்தான் மூடிவைக்கிறேன்,
கொட்டையை எடுக்காமல்.