எந்தக் கோவில்

காரைக்குடி பழைய பேருந்து நிலையத்தில்
ஊக்கும் பாசியும் பரப்பிய சாக்கின் ஓரம்
தூங்கிக்கொண்டிருந்தவளை
‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்று
எழுதியது என் பேனாதான்.
வேனைக் கூப்பிட்டதும் நான்தான்.
இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லக்கூடாது.

பெயர் வெள்ளி. வயது ஆறு, இல்லையென்றால் ஏழு.
தாய் சிவகங்கை ஆஸ்பத்திரியில், டிபி வார்டில்.
பக்கத்தில் இருந்தவள்
என் பிள்ளை சாமி, என் பிள்ளை என்று
வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.
நீ பெற்றதா என்று கேட்டேன்.
இல்லை என்றாள்.
அந்த ஒரு சொல்லை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இல்லத்தில் குளிப்பாட்டினார்கள்.
சீருடை. தட்டில் சோறு, அவித்த முட்டை.
கழுத்துப் பாசியைக் கத்தரித்து
உறையில் போட்டு எண் எழுதினார்கள்,
சுத்தத்துக்காக.
ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை.
‘பேச்சுத் திறன் குறைவு’
என்று கோப்பில் ஒரு வரி ஏறியது.
பத்தாம் நாள் நடுச்சாமம்
சுவரைப் பார்த்து மளமளவென்று அவள் பேசியதைக்
காவலுக்கு இருந்த மயில்வாகனம் கேட்டிருக்கிறார்.
என்ன பேசினாள் என்றேன்.
‘அவங்க பாசைம்மா. நமக்கு எங்க புரியுது.’

வீட்டு விசாரணைக்குப் போனேன்.
அறைகள் எத்தனை?
கோவிலூர்ச் சாலையில் ஒரு தார்ப்பாய்,
அதன் கீழ் பதினோரு பேர், இரண்டு நாய்.
கதவுக்குப் பூட்டு உண்டா?
வரும் வழியில்தான் பார்த்தேன்,
தெருவிலிருந்து தெருவரைக்கும் நீளும் ஒரு வீடு,
எண்பது கதவுக்கும் பூட்டு.
வாரிசுகள் பினாங்கில்.
என் படிவத்தில்
அந்த வீடு முழு மதிப்பெண் வாங்கும்.

வேன் கதவைப் பிடித்தவள் பெயர் சித்ராங்கி.
வெள்ளியின் சின்னம்மா.
எனக்கு டீ வாங்கிவரப் பையனை ஓட்டினாள்.
பிறகு அவள் என்னை விசாரித்தாள்:
‘அந்த இல்லத்துக்காரங்க
ஆடு வெட்டுற கூட்டமா, எருமை வெட்டுற கூட்டமா?’
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
அவளுக்கு வரவில்லை.
‘சாமி மூட்டை அவுக்குற அன்னைக்கு
அவ எங்க கூட்டத்தோட உக்காரணும்.
அங்கேயே வளந்தா
யாரோட உக்காருவா?’
படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.
முன்பக்கத்தில் இடமில்லை.

வியாழக்கிழமை குழு கூடியது.
உறுப்பினர் சாத்தப்பன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு.
நல்லவர். அதுதான் சிக்கல்.
‘பள்ளிக்கூடம் இருக்கு, மூணு வேளைச் சாப்பாடு இருக்கு.
மேல என்னம்மா வேணும்?’
பின்பக்கத்தை வாசித்தேன்.
ஆடு, எருமை என்றதும்
மேசையில் யாரோ இருமினார்கள்.

ஐயா, உங்கள் பக்கம் பிள்ளை கூட்டும்போது
நல்ல பிள்ளையாகக் கிடைத்தால் போதுமா?
‘அதெப்படி, எந்தக் கோவில்னு பாக்காம’
என்று தொடங்கியவர்
பாதியில் நின்றார்.
மின்விசிறி மட்டும் தாள்களைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

‘நானே கூட்டி வந்த பிள்ளைதான்’ என்றார்,
என்னிடம் சொல்வது போல் இல்லை.
‘பதினோரு வயசு. ஒரே கோவில், ஒரே ஊரு.
பெத்த வீடு ரெண்டு தெரு தள்ளி.
அப்படியிருந்தும் சாயந்தரமானா
அந்தத் தெருவழியாத்தான் நடப்பேன்.’

சின்னம்மாவிடம் ஒப்படைக்க உத்தரவு.
வெள்ளியைப் பள்ளியில் சேர்க்க வேண்டும்,
மாதமொரு முறை நான் போய்ப் பார்க்க வேண்டும்,
கூடவே அவர்கள் மொழி தெரிந்த ஒருவர்.
நிரந்தர முகவரி என்ற இடத்தில்
கோவிலூர்ச் சாலை, தார்ப்பாய்,
பங்குனியில் பழனி என்று எழுதினேன்.
எழுத்தர் ஆட்சேபித்தார். அடிக்கவில்லை.

உறையைப் பிரித்துக் கொடுத்தேன்.
வெள்ளி தரையில் கொட்டி எண்ணினாள்.
மூன்று மணி குறைந்தது.
சித்ராங்கி கைநாட்டு வைத்தாள்,
மை விரலைச் சேலையில் துடைத்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

இப்போதும் பேருந்து நிலையம் வழியாகத்தான்
அலுவலகம் போகிறேன்.
தோள்பையைப் பார்த்ததும்
சின்னம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறாள்.
நான் ஊக்கு ஒரு அட்டை வாங்குகிறேன்.
வீட்டில் நிறைய சேர்ந்துவிட்டது.