கடைசி வண்டி

குஞ்சப்பனைக்கு மேலே, மண் சரிந்த வளைவு.
படிவத்தின் முதல் கேள்வி:
எச்சரிக்கைப் பலகை நூற்றிருபது மீட்டர் முன்னால் உள்ளதா?
உள்ளது. டேப் பிடித்து அளந்தேன்.
பனியில் அது கண்ணுக்குத் தெரிவது
பதினோரு தப்படியில்.
அதை எழுதக் கட்டம் இல்லை.

கூம்புகள் இருபது என்கிறது ஒப்பந்தம்.
நிற்பவை பதினேழு.
ஒன்றைக் காட்டெருமை மிதித்ததாம்,
சப்பையானதைப் பத்திரமாக எடுத்துக் காட்டினாள் மருதி.
மற்ற இரண்டைக் கேட்டதும்
பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

ஒளிர்பட்டையில் சேறு.
கைக்குட்டையால் துடைத்த இடம் மட்டும்
டார்ச்சுக்குப் பதில் சொன்னது.

வாக்கி டாக்கி?
"முந்தாநாள் மழையில செத்துப்போச்சு மேடம்."
கீழ்முனையில் நிற்கும் யோகராசுவுக்கு
எப்படிச் சொல்வாய், பாதை காலியென்று?

கடைசி வண்டிக்காரர் கையில்
ஒரு தைலமரக் கொப்பு கொடுப்பாளாம்.
அது அங்கே போய்ச் சேர்ந்தால்
அங்கிருந்து வண்டி ஏறும்.
கேரட் லாரி, பள்ளி வேன், ஒருமுறை அமரர் ஊர்தி,
எல்லாரும் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.
ஒருத்தன் மட்டும் மறந்து
மேட்டுப்பாளையம் வரை கொண்டுபோய்விட்டான்.
நாற்பது நிமிஷம், இரண்டு பக்கமும் ஹாரன்.

ஆறேகால்.
"நீங்கதான் மேடம் கடைசி"
ஜீப் ஜன்னலில் நீட்டினாள்.

தகவல் தொடர்புச் சாதனம்: இல்லை
என்று எழுதியிருந்தேன்.
அடிக்கவில்லை அதை.
நாளைக் காலைக்குள் வாக்கி டாக்கி வந்தாக வேண்டும்,
ஒப்பந்தக்காரரிடம் போனில் கத்தியும் ஆயிற்று.

படிவம் காலடியில் நழுவிக் கிடந்தது.
கொப்பை மட்டும்
இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.