மாங்குளத்தில் அடுப்பு வாங்கியது

மூன்று அடுப்புகளை மேசையில் வைத்தார்
சந்தியடிக் கடை கணநாதபிள்ளை.
மடித்துப் பைக்குள் போடக்கூடியது ஒன்று,
கொழும்பிலிருந்து வந்தது, காஸ் குப்பி திருகுவது,
நல்ல பிள்ளை மாதிரி நீல நெருப்பு.
பத்துத் திரி அடுப்பு ஒன்று.
தூசி துடைக்காத பித்தளைப் பம்பு அடுப்பு ஒன்று.

மின்விசிறியைப் போடுங்கோ அண்ணை என்றேன்.
வேர்க்குதோ என்றார்.
எனக்கில்லை, அடுப்புக்கு.

மூன்றாம் நம்பரில் விட்டதும்
காஸ் கும்பிட்டுப் படுத்தது.
பத்துத் திரியும் பத்துப் பக்கம் பார்த்து
என் முகத்தில் கரி துப்பின.
பித்தளை மட்டும் இரைந்தது,
வாடைக்காற்றோடு வாய்க்கு வாய் கொடுக்கிற ஆள் போல.

குப்பி முடிந்தால் எங்கே எடுக்கிறது?
"கிளிநொச்சியிலை... சில நேரம் இருக்கும்."
சில நேரத்தில் சோறு அவியாது.
மண்ணெண்ணெய் என்றால்
ஒட்டுசுட்டான் சைக்கிள் கடையிலும் போத்தலில் கிடைக்கும்.

கழற்றிப் பார்த்தேன்.
பம்புக்குள் தோல் வாசர் காய்ந்து சுருண்டிருந்தது.
தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு, விரலால் ஒரு சுற்று.
தறப்பாளுக்குள் பழகின வேலை.
அந்த வருசத்தைப் பற்றி
இங்கே இதற்கு மேல் சொல்வதாக இல்லை.

அவருக்குப் பொறுக்கவில்லை.
"பிள்ளை, நீங்கள் வேலை செய்யிறது காட்டுக்கை.
பாலையும் வீரையும் முறிஞ்சு கிடக்கு.
விறகில்லாத காடும் இருக்கோ?"

இருக்கு அண்ணை.
விறகு சிவப்புத் தடிக்கு அங்காலை இருக்கு.
இங்காலையும் நாங்கள் மண்ணில் தீ மூட்டுறதில்லை.
சூடு கீழே இறங்கும்.
கீழே எது இன்னும் நித்திரை கொள்ளுது என்று
எங்களுக்கே முழுக்கத் தெரியாது.
போன ஆவணியில் ஒரு வளவில் குப்பை கொளுத்தினார்கள்.
நிலம் பதில் சொன்னது.

அவர் விசிறியை நிற்பாட்டினார்.
ஐந்நூறு ரூபா குறைத்தார், நான் கேட்கவில்லை.
தீவாய் அடைத்தால் குத்தச் சின்ன ஊசியும் தந்தார்.
ஒன்றுதான் இருக்கு, துலைச்சுப் போடாதேயுங்கோ.

கார்த்திகை மாதம்.
நெடுங்கேணிக்கு அப்பால் ஏழு பெண்கள், இரண்டு கூடாரம்,
இடிந்த வீட்டுப் படியிலிருந்து பெயர்த்த சீமெந்துக் கட்டி,
அதன்மேல் அடுப்பு.
மழை சரிந்து வந்து தறப்பாளை உதைத்தது.
விடிய நாலரைக்கு ஒவ்வொரு நாளும் அது இரைந்தது,
பருப்பை அவித்தது, காலுறைகளையும் காய வைத்தது.

பதினோராம் நாள் தீவாய் அடைத்துக்கொண்டது.
புஸ்பகாந்தி ஊசியை எடுத்தாள்,
விறைத்த விரல், நழுவவிட்டாள்.
சேற்றில் ஒரு மயிரளவு கம்பி.
டோர்ச் அடித்தோம். தடவினோம்.
ஜெசிந்தா அழப்போனாள், தேத்தண்ணி இல்லாமல்
அவளுக்குப் பொழுது விடியாது.

யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை.
கருவியை எடுத்து வந்தோம்.
அடுப்பை, சட்டியை, கரண்டியை எல்லாம் தூரத் தள்ளி
முழங்காலில் இருந்து
ஒழுங்கையில் செய்வதுபோலவே, அங்குலம் அங்குலமாக,
மூச்சை அடக்கி...

கத்தியது.

பழக்கத்தில் ஏழு பேரும் உறைந்தோம்.
பிறகு மங்களேஸ்வரி சிரித்தாள்.

இந்த வேலைக்கு வந்து மூன்று வருசம்.
கருவி கத்தின இடத்தில்
வெறும் கையை வைத்தது அன்றைக்குத்தான்.