அசுணம்

கரும்புக்காட்டுக்கு அடியில் ஒரு குழாய்.
எரிமலை ஒருநாள் ஆறாக ஓடி
மேல்தோல் மட்டும் இறுகி,
உள்ளிருந்தது வடிந்து கடலுக்குப் போன பிறகு
மிச்சமாகிப்போன வெற்றுத் தொண்டை.
சேன்த் ரோஸில் எல்லாருக்கும் தெரியும்.
யாரும் இறங்குவதில்லை.

நானும் பப்திஸ்தும் இறங்கினோம்.
மூன்றாம் நாள், வியர்த்த பாறையில்,
அரிசி நிறத்தில் ஒரு பூச்சி.
வெட்டுக்கிளிக்கு ஒன்றுவிட்ட உறவு.
கண் இருக்கவேண்டிய இடத்தில் வழவழப்பு.
உடம்பைப் போல் மூன்று மடங்கு மீசை
இருட்டைத் துழாவித் துழாவி வந்து
என் கையுறையைப் படித்தது.

குப்பியில் சாராயம், எழுபது சதவீதம்.
மூடியைத் திறந்தேன்.

இந்தக் குலத்தில் பாடுகிறவற்றுக்குக் காது
முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே.
சேன் தெனி ஆய்வகத்தில் இரவு பதினொரு மணிவரை
உருப்பெருக்கியில் தேடினேன்.
காலிருந்தது.
காதில்லை.

பப்திஸ்துக்கு டிராகன் வேண்டும்.
'எரிமலை வயிற்றில் பிறந்தது, வேறென்ன வைப்பாய்?'
தவளைக்கு, குளவிக்கு, சேற்றில் நெளியும் புழுவுக்கு
மாயக்கதை அரக்கர்களின் பெயரை
உலகமெங்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.
நாம் மட்டும் ஊர்ப்பெயர் வைத்து
ஏன் தூங்கிவழிய வேண்டும்?

நான் தமிழ் படிப்பது வியாழக்கிழமை மாலைகளில்,
நகராட்சிக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில்.
இரண்டு வருஷமாகியும் அகராதியில்
'அ' தாண்டவில்லை.
அதனால்தான் கண்ணில் பட்டது.
யாழ் கேட்டால் மயங்கி அருகே வரும்.
பறை கேட்டால் அங்கேயே செத்து விழும்.
விலங்கா பறவையா என்பதில்
உரைகாரர்களுக்குள் இன்னும் வழக்கு.
கண்டவர் எவருமில்லை.

'காதே இல்லாததற்கா இந்தப் பெயர்?'
ஆமாம் என்றேன். இதையாவது
யாரும் பறையடித்துக் கொல்ல முடியாது.

லத்தீன் தெரிந்த மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டு எழுதினார்:
சொல் இரண்டாம் வேற்றுமைபோல் முடிகிறதே,
எழுவாய் எங்கே?
அசுணத்தை இல்லை ஐயா, அசுணம்.
அதுவே எழுவாய், அதுவே பெயர்.
பேரினத்தின் பாலுக்கு இசைந்து நடக்கத் தேவையில்லை.
ஓரெழுத்தும் மாற்றாதீர்கள்.
பதிலுக்கடியில் கையெழுத்திட்டேன்:
ஜோசியான் ஆர்முதோம்.

அந்தத் 'தோம்'
ஒரு துறைமுகக் குமாஸ்தாவின் காதில் விழுந்தது.
கப்பலிலிருந்து இறங்கியவர்
ஆறுமுகம் என்றுதான் சொல்லியிருப்பார்.
ஆறில் ஒரு முகம்கூட மிஞ்சவில்லை.

ஜனவரி. தீமிதி.
கோயில், குழாய்க்கு நேர் மேலே.
தம்பி யானிக் காய்ந்த கரும்புச்சோகையைக் கொளுத்தி
தப்பைக் காய்ச்சுகிறான்.
எங்கள் தீவில் பறைக்கு அந்தப் பெயர்தான் பிழைத்தது.
பிழை என்றும் அதற்குப் பொருளுண்டு என்று
போன வியாழக்கிழமைப் பாடத்தைச் சொன்னேன்.
சிரித்தான். தோலைத் தட்டிப் பார்த்தான்.
பிறகு ஓங்கி அடித்தான்.

என் பாதத்துக்குள் ஏறியது அடி.
மண்ணுக்குள் எவ்வளவு தூரம் இறங்கும்?
காதில்லாதவை காலால் கேட்குமா?
ஆய்வுக்கட்டுரையில் அதற்குப் பத்தி கிடையாது.

பறை கேட்டால் சாகும் என்றது கதை.
பெயர் கேட்டால் சாகும் என்கிறது எங்கள் சட்டம்.
ஓர் உடல் சிவப்புச் சீட்டோடு
அலமாரியில் கிடந்தாக வேண்டும்,
சந்தேகப்படுகிறவர் வந்து எடுத்துப் பார்க்க.
மற்றவை உயிரோடிருக்கலாம்,
தங்களை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்பது
தெரியாமலே.

கூட்டம் தீக்குழியைப் பார்த்துத் திரும்பியிருந்தபோது
நான் வேலிக்கு அப்பால் போய்
குழாய் வாயில் குப்புறப் படுத்தேன்.
டார்ச்சை அணைத்துக் கையை உள்ளே விட்டேன்.
கையுறை இல்லை.

மேலே தப்பு.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு மயிரிழை
புறங்கையில் ஊர்ந்து,
நின்று,
திரும்ப ஊர்ந்தது,
எழுத்துக்கூட்டி.